இரும்பு நாவின் இசை

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்துரைப்பது தமிழ் மரபு. மத்தளம் முதலியன தோற்கருவி. குழல் முதலியன துளைக்கருவி. யாழும் வீணையும் நரம்புக்கருவி. தாளம் முதலாய உலோகக் கருவிகள் கஞ்சக்கருவி. இவ்வகுப்பினுள் எளிதில் அடங்காத கருவியொன்று ஆபிரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் உண்டு. அது இரும்பாலாய நாக்குகளைக் கொண்டது. ஆயினும் அவற்றை எவரும் தட்டுவதில்லை. நரம்பைத் தெறிப்பதுபோல விரலால் தெறிப்பர். ஆயினும் நரம்பு ஒன்றேனும் அதில் இல்லை. சிம்பாப்வே நாட்டு ஷோனா மக்களின் இம்பிரா என்னும் கருவியே அது.

இதனை ஒருபோதும் கண்டிராத நேயர்களுக்கு நம் கச்சேரி மேடையிலுள்ள முகர்சிங்கை நினைவூட்டுவேன். இரும்புச் சட்டத்தினுள்ளே ஒற்றை நாக்கொன்று அசைந்து ஒலிக்க, வாசிப்போனது வாயே அவ்வொலியைப் பெருக்கும் குடமாக அமைவது முகர்சிங்கு. அத்தகைய நாக்குகள் இருபதுக்கு மேற்பட்டவற்றை ஒரு பலகைமேல் வரிசையாகப் பொருத்தி, வாய்க்குப் பதிலாகப் பெரியதொரு சுரைக்குடுக்கையினுள் அப்பலகையை நிறுத்தி வைத்தால் இம்பிராவின் உருவம் ஒருவாறு புலப்படும். ஆங்கிலேயர் இதற்குப் ‘பெருவிரல் பியானோ’ எனப் பெயரிட்டனர். பியானோவோடு இதற்கு உறவு எதுவும் இல்லை. அறிமுகமில்லாத பொருளுக்கு அறிந்த பொருளின் பெயரைச் சூட்டும் வழக்கத்தால் வந்த பெயர் அது.

இம்பிராவில் வகைகள் பல. அவற்றுள் தலைமை பெற்றது ‘இம்பிரா சவாட்சிமு’ என்பது. ‘மூதாதையர் ஆவிகளுக்குரிய இம்பிரா’ என்பது இதன் பொருள். இதில் 22 முதல் 28 வரையிலான நாக்குகள் அமையும். பலகையின் இடப்புறத்தில் அவை மேலும் கீழுமாக இரண்டு வரிசையிலும், வலப்புறத்தில் ஒரு வரிசையிலும் நிற்கும். இடக்கைப் பெருவிரல் இடப்புறத்து இரு வரிசைகளையும் ஆளும். வலக்கைப் பெருவிரல் மேலிருந்து கீழ்நோக்கித் தெறிக்க, வலக்கைச் சுட்டுவிரல் கீழிருந்து மேல்நோக்கித் தெறிக்கும். பலகையின் மூலையிலுள்ள துளையொன்றில் வலக்கைச் சிறுவிரலை நுழைத்துக் கருவியைத் தாங்கிக்கொள்வர். மூன்று விரல்களே இசைக்கின்றன. கேட்போர்க்கோ பலர் கூடி வாசிப்பது போலத் தோன்றும்.

பலகைக்குரிய மரத்தின் பெயர் ஷோனா மொழியில் முப்வமரோப்பா. குருதி வெளிப்படும் மரம் என்னும் பொருளில் அமைந்த பெயர் இது. வெட்டிய இடத்தில் செந்நீர் கசிவதால் இப்பெயர் பெற்றது. நம் மலைச்சாரல்களில் வளரும் வேங்கை மரத்துக்கு இது நெருங்கிய உறவு. தாவரநூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்து எண்ணுவர். வேங்கையின் பட்டையைக் கீறினாலும் செந்நிறப் பிசின் வடிவதை மலைவாழ்நர் அறிவர். இந்துமாக்கடலின் இரு கரையிலும் உறவுடைய மரங்கள் நிற்க, ஒரு கரையில் வாழ்ந்த மக்கள் அம்மரத்திலிருந்து ஓர் இசைக்கருவியைப் படைத்துக்கொண்டனர்.

நாக்குகளை முற்காலத்தில் அவ்வூர்க் கொல்லரே தாம் உருக்கியெடுத்த இரும்பைத் தட்டி ஆக்கினர். பிற்காலத்தில் ஆணியும், கட்டில் சுருள்வில்லும், சைக்கிள் சக்கரத்தின் கம்பியும் அப்பணிக்கு உதவின. பலகையின் அடிப்புறத்திலும் சுரைக்குடுக்கையின் விளிம்பிலும் நத்தை ஓடுகளைக் கோத்துக் கட்டுவர். இக்காலத்தில் சோடாப் போத்தல் மூடிகளும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. நாக்கு ஒலிக்குந்தோறும் இவையும் அதிர்ந்து, ஒருவகை இரைச்சலை எழுப்பும். ஐரோப்பியர் முதலில் இதனைக் கருவியின் குற்றம் எனக் கருதினர். நம்மவர் அவ்வாறு கருதமாட்டார். தம்புராவின் தந்திக்கடியில் நூலிழையொன்றைச் செருகி ‘ஜீவா’ பிடிப்பவர் நாம். அவ்விழை இல்லாத தம்புரா வெறுந்தந்தி. இழை சேர்ந்த பின்னரே அதற்கு உயிர் வருகிறது. நத்தையோட்டின் இரைச்சல் இல்லாத இம்பிராவும் ஷோனா மக்களுக்கு அத்தகையதே.

சுருதி சேர்ப்பதில் இம்பிராவுக்குப் பொதுவான அளவுகோல் ஒன்றில்லை. ஒவ்வொரு குழுவும் தன் செவிக்குகந்த சுருதியைப் போற்றி வருகிறது. ஆதலின் பியானோவின் கட்டைகளைக் கொண்டு அதனை அளக்கப் புகுவோர் ஏமாற்றமே அடைவர். பாட்டுகளோ வட்டமாகச் சுழல்வன. தொடக்கமும் முடிவும் இன்னவிடத்தில் என வரையறுத்துக் கூறல் அரிது. 48 சிறு தட்டுகளைக் கொண்ட ஒரு வட்டம், பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு பகுதிகளாய்ப் பிரிந்து, மீண்டும் மீண்டும் சுழன்று வரும். ஒவ்வொரு சுழற்சியிலும் வாசிப்போன் சிறியதொரு மாற்றத்தைச் சேர்ப்பான். பெரும்பாலும் இருவர் சேர்ந்து வாசிப்பர். ஒருவர் தொடங்கும் பகுதிக்குக் குஷௌரா என்றும், மற்றவர் அதனோடு பின்னும் பகுதிக்குக் குட்சின்ஹிரா என்றும் பெயர். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவரது ஒலி விழும். இவ்விரண்டும் பின்னிப் பிணையும்போது, இருவருமே தனித்து வாசியாத மூன்றாவதொரு மெட்டு கேட்போர் செவியில் எழும். ஹோஷோ எனப்படும் சுரைக்கிலுகிலுப்பை அதற்குத் தாளம் காட்டும்.

இவ்விசை எழுவதற்குரிய தலையாய இடம் பீரா என்னும் இரவுச் சடங்கு. குடும்பத்தில் நோயோ, மழையின்மையோ, ஆறாத பகையோ நேர்ந்தவிடத்து உறவினர் கூடி, தினையினத் தானியத்திற் காய்ச்சிய மதுவைப் படைத்து, விடியும்வரை இம்பிராவை வாசிப்பர். இறந்துபோன பாட்டனாரோ பாட்டியாரோ தம் வாழ்நாளில் விரும்பிக் கேட்ட மெட்டு ஒலிக்கும்போது, அவரது ஆவி உறவினருள் ஒருவர்மீது இறங்கிவந்து அறிவுரை கூறும் என்பது அவர்தம் நம்பிக்கை. உடுக்கடித்துத் தெய்வத்தை வரவழைக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதுமையன்று. இந்நம்பிக்கையை நாம் ஏற்கலாம், ஏலாதும் விடலாம். வரலாற்றை நோக்குவோர்க்கு இதில் வேறொரு செய்தி உண்டு. பாட்டனார் விரும்பிய மெட்டைப் பேரன் அறிந்திருந்தாலன்றி அச்சடங்கு நிறைவேறாது. ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் முன்னைத் தலைமுறையின் மெட்டுக்களைக் கற்றே ஆகவேண்டும். இசையைக் காப்பதற்கு அம்மக்கள் வகுத்த சட்டம் எனப் பீராவைக் கூறலாம்.

இக்கருவியின் தொன்மைக்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1586இல் சோபாலாத் துறைக்கு வந்த ஜோவாவோ டோஸ் சாந்தோஸ் என்னும் போர்த்துக்கேயத் துறவி, தாம் அங்குக் கண்டவற்றை எழுதி 1609இல் எவோரா நகரில் நூலாக வெளியிட்டார். அதில் ‘அம்பிரா’ என்னும் கருவியொன்றை அவர் விவரிக்கிறார். ஒன்பது இரும்பு நாக்குகள் கொண்டது. வாசிப்போர் இதற்கென்றே பெருவிரல் நகத்தை நீள வளர்த்திருந்தனர். ஓசை மென்மையும் இனிமையும் உடையது. அரசனது மாளிகையில் இதனை வாசிப்பர் என்பன அவர் தரும் செய்திகள். வாசித்தோரை அவர் ‘காப்ரே’ என்னும் சொல்லாற் குறித்தார். முஸ்லிமல்லாதாரைக் குறிக்க அராபியர் வழங்கிய காபிர் என்னும் சொல்லின் திரிபு அது. இச்சொல்லை நேயர்கள் நினைவிற் கொள்க. பின்னர் அது நம் தீவிலேயே நம்மைச் சந்திக்கும்.

இம்பிராவுக்குப் பெருஞ்சோதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. 1890இல் பிரித்தானியத் தென்னாபிரிக்கக் கம்பனியின் படையினர் அந்நாட்டினுள் புகுந்தனர். 1896இலும் 1897இலும் ஷோனா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சிக்கு ஊக்கமளித்தவருள் ஒருவரான நெகண்டா என்னும் ஆவிவாக்குக் கூறும் பெண்மணி 1898இல் தூக்கிலிடப்பட்டார். ஆவிவாக்கும் இம்பிராவும் ஒன்றோடொன்று பிணைந்தவையாதலின் கருவிமீதும் பழி விழுந்தது. மிசன் பள்ளிகள் பல அதனைப் பேய்வழிபாட்டின் கருவி என ஒதுக்கின. பள்ளியில் துதிப்பாடலும் ஆர்மோனியமும் கற்ற பிள்ளைகள் பாட்டனாரின் கருவியை நாணத்தோடு நோக்கப் பழகினர். பறையையும் கூத்தையும் நம் பள்ளிகள் நெடுங்காலம் எவ்வாறு நோக்கின என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் தன்மை எளிதில் விளங்கும்.

ஆயினும் இம்பிரா அழியவில்லை. பள்ளியின் மணி பகலில் ஒலித்தது. பீரா இரவில் நடந்தது. தந்தை நாணியபோது பாட்டனார் பேரனுக்குக் கற்பித்தார். 1921இல் அந்நாட்டுக்கு வந்த ஹியூ டிரேசி என்னும் ஆங்கிலேயர் ஊரூராகச் சென்று இவ்விசையைப் பதிவுசெய்தார். 1954இல் ஆபிரிக்க இசைக்கெனத் தனி ஆவணக்காப்பகம் ஒன்றை நிறுவினார். அவரே இக்கருவியை எளிதாக்கி, ஐரோப்பியச் சுரவரிசைக்கு இசையச் செய்து, ‘கலிம்பா’ என்னும் பெயரில் விற்பனைக்கு அனுப்பினார். இன்று உலகெங்கும் இளைஞர் கையிற் காண்பது அதன் வழிவந்ததே. 1960களில் புலவாயோ நகரத்துக் குவனொங்கோமா இசைக்கல்லூரியில் இம்பிரா பாடமாயிற்று. அக்கல்லூரியிற் பயின்ற துமிசானி மராய்ரே 1968 முதல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அதனைக் கற்பித்தார்.

பெண்கள் இம்பிராவைத் தொடலாகாது என்னும் கட்டுப்பாடு வலுத்திருந்த காலத்திலே, ஸ்டெல்லா சிவேஷே என்னும் பெண்மணி அதனைக் கற்றார். 1974இல் அவர் தம் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்தபோது வாசித்தது இரவல் வாங்கிய கருவி. 2023இல் அவர் மறைந்தபோது உலக நாடுகள் பலவற்றின் செய்தித்தாள்கள் அவருக்குப் புகழுரை எழுதின. அதே 1970களில் தோமஸ் மாப்புமோ என்னும் பாடகர் இம்பிரா மெட்டுக்களைக் கித்தாரில் ஏற்றி விடுதலைப் பாடல்களைப் பாடினார். வெள்ளையர் அரசு அவரைச் சிறைவைத்தது. 1980 ஏப்பிரல் 18ஆம் நாள் சிம்பாப்வே சுதந்திர நாடாயிற்று. 2020இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, இம்பிராவை ஆக்கும் கலையையும் வாசிக்கும் கலையையும் சிம்பாப்வே, மலாவி ஆகிய இரு நாடுகளின் மரபுரிமையாகப் பட்டியலிற் சேர்த்தது. பேய்க்கருவி என்ற பழியிலிருந்து மனிதகுலத்தின் செல்வம் என்ற பெருமைக்கு வர அதற்கு நூறாண்டுக்கு மேலாயிற்று.

இனி நம் தீவின் பக்கம் திரும்புவோம். டோஸ் சாந்தோஸ் சோபாலாக் கரையில் அம்பிராவைக் கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1587இலும் 1588இலும், சீதாவாக்கை இராசசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டு நின்றான். சோபாலாவும் கொழும்பும் போர்த்துக்கேயரின் ஒரே கடற்பாதையில் அமைந்த துறைகள். அப்பாதையில் கறுவாவும் பொன்னும் மட்டுமா சென்றன? மனிதரும் சென்றனர். மொசாம்பிக் கரை முதலிய இடங்களிலிருந்து ஆபிரிக்கர் அடிமைகளாகவும் படைவீரராகவும் இங்குக் கொணரப்பட்டனர். போர்த்துக்கேயரின் பின்வந்த ஒல்லாந்தரும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். கொழும்புக் கோட்டைக்கு அருகே வாவியால் சூழப்பட்ட நிலத்தில் இரவுதோறும் அடிமைகளை அடைத்துவைத்தனர். ஆங்கிலேயர் அவ்விடத்தை ‘அடிமைத் தீவு’ என்றே வழங்கினர். தமிழில் நாம் கொம்பனித்தெரு என்கிறோம். ஆங்கிலப் பெயர் அடிமையை நினைவூட்ட, தமிழ்ப் பெயர் அவனை ஆண்ட கம்பனியை நினைவூட்டுகிறது. ஆங்கிலேயரும் ஆபிரிக்கரைக் கொண்டு படைப்பிரிவுகள் அமைத்தனர். அப்படைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கலைக்கப்பட்டபின், புத்தளத்தில் இருந்த வீரர்களின் வழித்தோன்றல்கள் அப்பகுதியிலேயே நிலைத்தனர். புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பையடி என்னும் ஊரில் இன்றும் அவர்கள் வாழ்கின்றனர்.

அவர்களை நாம் காப்பிரியர் என்கிறோம். சோபாலாத் துறவி எழுதிய அதே சொல்! தென்னாபிரிக்காவில் அது வாய்விட்டுக் கூறலாகாத வசைச்சொல். இங்கோ அச்சமூகத்தவர் தம்மைத் தாமே குறிக்கும் இனப்பெயராக நிலைத்துவிட்டது.

அம்மக்கள் தம்மோடு எதனைக் கொணர்ந்தனர்? பொருள் எதனையும் சுமந்துவர அடிமைக்கு உரிமை ஏது? ஆபிரிக்க மொழிகள் முதலில் மறைந்தன. போர்த்துக்கேயக் கலப்புமொழி அவ்விடத்தைப் பெற்றது. மூதாதையர் சமயமும் மறைந்தது, பெரும்பாலோர் கத்தோலிக்கராயினர். இன்று சிரம்பையடியில் ‘மஞ்சா’ என்னும் ஆடலும் பாடலும் நிகழும்போது இரும்பு நாக்குக் கருவி எதுவும் அங்கு ஒலிப்பதில்லை. தேங்காய்ச் சிரட்டை இரண்டு, கண்ணாடிப் போத்தலும் கரண்டியும், ஒரு சிறுபறை ஆகிய இவையே கருவிகள். மெல்லத் தொடங்கும் தாளம் சிறிது சிறிதாக விரைந்து உச்சத்தை எட்ட, சிறுவர் முதல் முதியோர்வரை எழுந்து ஆடுகின்றனர். பாடலின் சொற்கள் போர்த்துக்கேயக் கலப்புமொழியின. இளையோர் பேசும் மொழியோ சிங்களம். ஆதலின் பாடுவோருக்கே பல வரிகளின் பொருள் விளங்குவதில்லை. கருவி இல்லை; மொழி நழுவிக்கொண்டிருக்கிறது; தாளம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

அத்தாளத்தின் நிழல் இத்தீவெங்கும் படிந்துள்ளது. மட்டக்களப்புப் பறங்கியரின் திருமண வீடுகளில் ஒலிக்கும் கபிரிஞ்ஞா என்னும் ஆடலிசையின் பெயரிலேயே காப்பிரி என்னும் சொல் இருக்கிறது. இன்று தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வேறுபாடின்றித் துள்ளியாடும் பைலா அதன் வழியில் வந்தது. வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் மாணவரிடம் பைலா எங்கிருந்து வந்தது என நான் வினவுவதுண்டு. போர்த்துக்கேயர் கொணர்ந்தனர் என்னும் விடையே எப்பொழுதும் வரும். சொல் போர்த்துக்கேயருடையதுதான். அதில் துள்ளும் நடையிலோ ஆபிரிக்கரின் பங்கு பெரிது. ஆண்டவனின் பெயர் ஏட்டில் நிற்கிறது. ஆடியவனின் பெயர் நிற்கவில்லை.

ஒரே கடலின் இரு கரையில் நிகழ்ந்த இவ்விரு கதைகளையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓருண்மை தெளிவாகும். சிம்பாப்வேயில் பகையும் பழிப்பும் இருந்தன. ஆயினும் பீரா என்னும் நிகழ்ச்சி இருந்தது, கற்பிக்கும் பாட்டனார் இருந்தார். நம் தீவுக்கு வந்த ஆபிரிக்கருக்கு அந்நிகழ்ச்சியும் இல்லை, அந்தப் பாட்டனாரும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டார். கருவி வாழ்வதற்கு மரமும் இரும்பும் போதா. அதனை வாசித்தே ஆகவேண்டிய ஒரு வேளையும், ஒரு கையிலிருந்து மறுகைக்குச் செல்லும் தொடர்ச்சியும் வேண்டும்.

இதனை நாம் ஆபிரிக்கரைப் பார்த்துக் கற்கவேண்டிய நிலையில் இல்லை. நம் வீட்டுச் சான்றே போதும். ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனி யாழை வகுத்த தமிழர், அந்த யாழை முற்றாக இழந்தனர். பாணரைப் பேணிய புரவலர் மறைந்தனர்; பாணரின் தொழிலும் மதிப்பும் மங்கின; யாழ் வாசிக்கும் கையும் ஓய்ந்தது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய ‘யாழ்நூல்’ 1947 யூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நரம்புகளின் கணக்கையும் பண்களின் இலக்கணத்தையும் அப்பெருமகனார் மீட்டுத் தந்தார். ஆயினும் இவ்விடத்தில் விரல் இப்படி விழவேண்டும் எனக் கைப்பிடித்துக் காட்டுதற்கு ஒரு பாணனும் எஞ்சியிருக்கவில்லை. நூல் கருவியின் உருவத்தைத் தரும். கையைத் தருவதற்குக் கைதான் வேண்டும்.

சிரம்பையடி மக்களின் மஞ்சா இன்று இவ்விரண்டு நிலைக்கும் இடையில் நிற்கிறது. தாளமறிந்த கைகள் இன்னும் உள்ளன. பாடல்களை மனப்பாடமாக அறிந்த முதியோரும் உள்ளனர். விழாமேடையில் சில நிமிடம் ஆடச்செய்து கைதட்டி அனுப்புவது அவர்களுக்குப் போதாது. அப்பாடல்களை முழுமையாக ஒலிப்பதிவு செய்தல் வேண்டும்; அம்மொழி அறிந்தோரைக் கொண்டு பொருளெழுதி அச்சமூகத்துப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தல் வேண்டும்; நம் பாடசாலைகளில் போர்த்துக்கேயர் காலத்தைக் கற்பிக்கும் வேளையில் தளபதிகளின் பெயரோடு இம்மக்களின் வரலாற்றையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். அவர்களை அழைத்து நம் பிள்ளைகள் முன்னிலையில் பாடச் செய்வதும் அரிய காரியமன்று. புத்தளம் கொழும்பிலிருந்து ஒருநாட் பயணத்துள் அடங்கும் ஊரே.

யாழின் கடைசி நரம்பு ஓய்ந்த நாளில் அதனைக் குறித்துவைத்தார் எவருமில்லை. மஞ்சாவின் சிரட்டையொலி இன்னும் ஓயவில்லை. கேட்கும் செவி உள்ளவர்கள் இப்பொழுதே சென்று கேட்பார்களாக.